இரசிகன் கொடையாளியா, தோழனா? சிறுமண்டபத்து றொக் இரவுகள் பற்றிய ஒரு நோக்கு

இசையை அரசியலிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும் என்போர் எல்லா நாடுகளிலும் உளர். இசை செவிக்குரியது, உள்ளத்துக்குரியது. கட்சிக்கும் கூட்டத்துக்கும் உரியதன்று என்பது அவர்தம் வாதம். இதற்கு விடையிறுக்க முற்படும் முற்போக்காளர் பெரும்பாலும் பாடலின் சொற்களையே ஆதாரமாகக் காட்டுவர். இன்ன பாடலில் வறுமை பேசப்படுகிறது, இன்ன பாடலில் போர் கண்டிக்கப்படுகிறது என்று எடுத்துரைத்து அமைவர். அப்பாடல் எங்கே பாடப்பட்டது, யார் யார் அருகருகே நின்று அதனைக் கேட்டனர், வாயிலிற் கொடுத்த காசு எங்கே சென்றது, வீடு திரும்பிய இரசிகன் மறுநாள் யாது செய்தான் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இசையின் சமூகப் பணியை அளவிட விரும்பும் திறனாய்வுக்கு இவ்வினாக்களே முதன்மையானவை என்பது எமது கருத்து.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்குத் தக்கதொரு களமாக அமைவது 1976ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றிய 'இனவாதத்துக்கு எதிரான றொக்' என்னும் இயக்கம். அதன் பெருவிழாக்கள் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டன. 1978 ஏப்ரல் 30ஆந் திகதி ட்ரபல்கார் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனிலுள்ள விக்டோரியாப் பூங்கா வரை சென்ற பெருங்கூட்டத்தின் படங்களையும், அங்கே கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-றே ஸ்பெக்ஸ், டொம் றொபின்சன் குழு ஆகியோர் இசைத்த காட்சிகளையும் இன்றைய மாணவர் பலர் கண்டிருப்பர். ஆயின், அப்பெருவிழாவுக்கு அடித்தளம் இட்டவை மதுச்சாலைகளின் பின்னறைகளிலும் மாணவர் சங்க மண்டபங்களிலும் நடைபெற்ற எண்ணற்ற சிறு நிகழ்ச்சிகளே. அவ்விரவுகளும், அவற்றுக்குக் காசு கொடுத்து வந்த சாதாரண இரசிகனுமே இக்கட்டுரையின் பொருளாவர்.

இயக்கம் தோன்றிய சூழல்

1976 ஓகஸ்ட் 5ஆந் திகதி பேர்மிங்ஹாம் நகரில் இசை வழங்கிய எரிக் கிளாப்டன், மதுமயக்கத்தில் மேடையிலே நின்று, குடியேறி வந்தோரை நாட்டைவிட்டு அகற்றல் வேண்டுமென்றும் ஈனொக் பவல் கூறியதே சரியென்றும் பேசினார். பவல் என்பார் 1968 ஏப்ரல் 20ஆந் திகதி குடியேற்றத்துக்கு எதிராக ஆற்றிய உரையினாற் பெயர் பெற்ற பழைமைவாதக் கட்சி அரசியல்வாதி. அவ்வுரை நிகழ்ந்த மூன்றாம் நாள் லண்டன் துறைமுகத் தொழிலாளர் அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் சென்றமை பிரித்தானியத் தொழிலாளர் இயக்கத்தின் நெஞ்சிலே தைத்த முள்ளாக நெடுங்காலம் இருந்தது.

கிளாப்டனின் பேச்சிலுள்ள முரண் வெளிப்படையானது. அவருடைய கலை அமெரிக்கக் கறுப்பு மக்களின் புளூஸ் இசையை ஊட்டமாகக் கொண்டு வளர்ந்தது. 1974ஆம் ஆண்டில் அவருக்கு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் ஈட்டிக்கொடுத்த பாடல் ஜமேய்க்கரான பொப் மார்லி இயற்றியது. ஒரு மக்களின் கலையை எடுத்துக்கொண்டு அம்மக்களை வெளியே போகச் சொல்லுதல், குடியேற்ற நாட்டின் தேயிலையைப் பருகிக்கொண்டு தோட்டத் தொழிலாளியை வெறுப்பதற்கு ஒப்பாகும். பிற்காலத்தில் அப்பேச்சுக்காகத் தாம் வெட்கப்படுவதாக அவர் கூறினார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லல் வேண்டும். ஆனால், 1976இல் அது தனியொருவரின் பிதற்றலாக நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்திலே சவுத்தோல் என்னும் பகுதியில் குர்தீப் சிங் சகார் என்ற பதினெட்டு வயது மாணவர் இனவெறியரால் குத்திக் கொல்லப்பட்டார். நாணய நெருக்கடியிற் சிக்கிய அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வேண்டி நின்றது. வேலையின்மை பெருகியது. தேசிய முன்னணி என்னும் பாசிசக் கட்சி மறு ஆண்டு நடந்த லண்டன் மாநகரப் பேரவைத் தேர்தலில் ஏறக்குறைய 119,000 வாக்குகளைப் பெற்றது.

கிளாப்டனின் பேச்சைக் கேள்வியுற்ற நிழற்படக் கலைஞர் றெட் சோண்டர்சும் அவருடைய நண்பர்களும் இசை ஏடுகளுக்கு ஒரு கடிதம் எழுதினர். இனவாத நச்சுக்கு எதிராக இசைத்துறையில் ஓர் இயக்கம் தேவையென அது அறைகூவியது. கடிதத்தைக் கண்ட வாசகர் நூற்றுக்கணக்கில் மறுமொழி விடுத்தனர். இயக்கத்தின் முதல் நிகழ்ச்சி அவ்வாண்டு நவம்பர் மாதம் கிழக்கு லண்டனின் போறஸ்ட் கேற் பகுதியில் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற மதுச்சாலையில் கரொல் கிறைம்ஸ் என்ற பாடகியின் பங்களிப்போடு நடந்தது. ஓர் அரசியல் இயக்கம் கட்சி மாநாட்டிற் பிறவாது, இசையேட்டின் வாசகர் கடிதப் பக்கத்திலும் மதுச்சாலையிலும் பிறந்தது என்பது கவனித்தற்குரியது. பேசத் தொடங்கியவர்கள் இரசிகர்களே.

இரு வகை நிதியுதவி நிகழ்ச்சிகள்

நிதி திரட்டும் றொக் நிகழ்ச்சி என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது 1971 ஓகஸ்ட் 1ஆந் திகதி நியூயோர்க்கில் நடந்த வங்காளதேசத்துக்கான இசை நிகழ்ச்சி. பண்டிதர் ரவிசங்கர் தம் இன மக்களின் துயர்கண்டு ஜோர்ஜ் ஹரிசனிடம் வேண்ட, ஹரிசன் தம் நண்பர்களை அழைத்து ஒரே நாளில் இரு காட்சிகளை நடத்தினார். நோக்கம் உயர்ந்தது, அதனைக் குறைகூறுதல் எமது எண்ணமன்று. நுழைவுச்சீட்டு வருமானமாக ஏறக்குறைய 243,000 டொலர் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துக்குச் சேர்ந்தது. ஆனால், அதனிலும் பன்மடங்காக இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் ஈட்டப்பட்ட பணத்தின் பெரும்பகுதி, வரிவிலக்கு முன்னரே பெறப்படாமையால், ஆண்டுக்கணக்கில் அமெரிக்க வரித் திணைக்களத்தின் பிடியிற் சிக்கிக் கிடந்தது. அகதி முகாம்களிற் பசியோடிருந்த பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிட்டனர், அல்லது இறந்துவிட்டனர்.

அந்நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இடம்பெற்ற ஒரு சிறு சம்பவம் பலமுறை நகைச்சுவையாக எடுத்துரைக்கப்பட்டிருக்கிறது. ரவிசங்கரும் குழுவினரும் தம் கருவிகளுக்குச் சுருதி சேர்த்து முடித்ததும் அவை முழுவதும் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புவதாக அவர் சிரித்துக்கொண்டு கூறினார். எமக்கு இது நகைச்சுவைக்கும் அப்பாற்பட்டதாகத் தோன்றுகிறது. அவையோர் நல்லெண்ணம் உடையோர், கொடுக்க வந்தோர், ஆனால் யாருக்காகக் கொடுக்கின்றனரோ அவர்தம் கலையின் தொடக்கம் எது, ஆயத்தம் எது என்று அறியாதோர். அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. சீட்டை வாங்கியதுடன் அவர்தம் கடமை நிறைவேறிவிட்டது.

1985 ஜூலை 13ஆந் திகதி லண்டனிலும் பிலடெல்பியாவிலும் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' பெருநிகழ்ச்சியில் இப்பண்பு உச்சத்தை எட்டியது. உலகெங்கும் தொலைக்காட்சி வழியாக அது பரவியது. பஞ்சம் அதிலே வானம் பொய்த்த விபத்தாகக் காட்சியளித்தது. அங்கு நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரும், கிளர்ச்சிப் பகுதிகளைப் பட்டினியால் அடக்க முயன்ற அரசின் கொள்கையும் பார்வையாளரின் கண்ணுக்கு எட்டவில்லை. துன்பம் தொலைவிலே இருந்தது; கொடையாளி வீட்டிலே இருந்தான்; இருவருக்குமிடையே கடன்பட்ட உறவு எதுவும் இல்லை.

இதனைத் தருமம் என்போம். தருமத்தில் இருப்பவன் மேலே நின்று கொடுக்கிறான், இல்லாதவன் கீழே நின்று பெறுகிறான். கொடுத்தவனின் வாழ்வு மாறுவதில்லை. அவன் ஏன் இருப்பவனானான், மற்றவன் ஏன் இல்லாதவனானான் என்ற வினா எழுவதுமில்லை. சிறுமண்டபத்து இரவு இதனின்றும் எவ்வாறு வேறுபட்டது என்பதை அடுத்து நோக்குவோம்.

ஓர் இரவின் அமைப்பு

மதுச்சாலையின் பின்னறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருநூறு பேர் நெருக்கி நின்றால் நிரம்பிவிடும் இடம். மேடை முழங்காலளவு உயரம். பாடுபவரின் வியர்வை முன்வரிசையில் நிற்பவர் மேல் தெறிக்கும். வாயிலில் ஒரு மேசை. அதிலே பணப்பெட்டி, சட்டையிற் குத்தும் சின்னங்கள், இயக்கத்தின் 'டெம்பொறறி ஹோடிங்' என்னும் ஏடு. திரளும் காசு அற்பம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி வாடகை, இசைக்குழுக்களின் வண்டிச் செலவு ஆகியன போக எஞ்சுவது அடுத்த நிகழ்ச்சிக்கோ ஒரு வழக்கு நிதிக்கோ செல்லும். பணத்தையே அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய இரவுகள் வீண் என்றே முடிவு செய்தல் வேண்டும். ஆகவே அவற்றின் பயன் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

அப்பயன் நிகழ்ச்சி நிரலின் அமைப்பிலே இருந்தது. வெள்ளை இளைஞரின் பங்க் குழுவொன்றையும் கறுப்பு இளைஞரின் றெகே குழுவொன்றையும் ஒரே மேடையில் ஏற்றுதல் இயக்கத்தின் வழக்கமாயிற்று. இரவின் முடிவில் இரு குழுவினரும் சேர்ந்து இசைப்பதும் உண்டு. இதன் உட்பொருளைத் தெளிந்துகொள்ள அக்கால நகர வாழ்வை மனங்கொள்ளல் வேண்டும். ஒரே தெருவில் வாழ்ந்தும், ஒரே பாடசாலையிற் பயின்றும், மாலையானதும் இரு வேறு மண்டபங்களுக்குச் சென்ற இளைஞர் அவர்கள். பங்க் குழுவைக் கேட்க வந்தவன் றெகே குழுவையும் நின்று கேட்க வேண்டியவனானான். றெகே குழுவைத் தேடி வந்தவள் பங்க் ஓசையின் நடுவே தன் இடத்தைக் கண்டாள். துண்டுப்பிரசுரம் சொல்லக்கூடியது சகோதரத்துவம் வேண்டும் என்பதே. நிரலோ அவர்களை அருகருகே நிறுத்திவிட்டது.

இச்சந்திப்பு இயக்கத்தின் கண்டுபிடிப்பு என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1977ஆம் ஆண்டின் தொடக்கத்திலே லண்டனின் றொக்சி மன்றத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய டொன் லெற்ஸ் என்பார் ஜமேய்க்கக் குடும்பத்தில் வந்தவர். அப்போது பங்க் இசைத்தட்டுகள் மிகச் சிலவே வெளிவந்திருந்தமையால் குழுக்கள் மாறும் இடைவேளைகளில் அவர் றெகே இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். வெள்ளை இளைஞர் அவ்வாழ்ந்த ஒலியில் ஈடுபட்டனர். அவ்வாண்டு வெளிவந்த தமது முதல் இசைத்தட்டிலேயே கிளாஷ் குழுவினர் ஜூனியர் மேர்வினின் றெகே பாடலொன்றைத் தமதாக்கிப் பாடினர். தன்னியல்பாக அரும்பிய உறவுக்கு அமைப்பையும் நோக்கத்தையும் அளித்ததே இயக்கத்தின் பங்கு. தன்னியல்பை மட்டும் நம்பியிருப்பின் அது ஒரு பருவத்து நாகரிகமாக உதிர்ந்திருக்கும். அமைப்பை மட்டும் நம்பியிருப்பின் ஆளில்லாக் கூட்டமாக முடிந்திருக்கும்.

இசையின் தன்மையையும் இங்கு நோக்கல் வேண்டும். பங்க் இசை விரைந்தது, குறுகியது. சில சுரக்கட்டுகளை அறிந்தவன் எவனும் மறுநாளே குழு அமைக்கலாம் என்ற துணிவை ஊட்டியது. றெகே இசை நிதானமானது. அதன் தாழ்சுர நரம்பொலி நிலத்தினூடாக வந்து நெஞ்சிலே அறைவது. முன்னையதற்குத் துள்ளுகிறவன் பின்னையதற்குத் துள்ள முடியாது. உடலின் இயக்கத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும். நியூயோர்க் அவையினர் சுருதி சேர்ப்புக்குக் கைதட்டினர். இங்கோ, பிறருடைய தாளத்துக்கு உடலைப் பழக்காமல் இரவைக் கழிக்க இயலாது. பேர்மிங்ஹாமின் ஹண்ட்ஸ்வேர்த் பகுதியிலிருந்து வந்த ஸ்டீல் பல்ஸ் குழுவினர், அமெரிக்க வெள்ளை இனவெறியரின் கூர்முனை முகமூடியை அணிந்து பாடியபோது, வெள்ளை இரசிகன் அம்முகமூடியைச் சில முழத் தொலைவிலே கண்டான். அதனை வேடிக்கையாகக் காணுதல் அத்தொலைவிலே எளிதன்று.

இரசிகனுக்கு வந்த சோதனை

இரசிகன் என்ற சொல்லை நாம் சாதாரணமாகக் கையாளுகிறோம். தான் விரும்பும் குழுவின்பால் அவன் கொள்ளும் பற்று, ஊர்ப்பற்றைப் போலவும் சாதிப்பற்றைப் போலவும் கேள்விக்கு இடந்தராததாக இருத்தல் கூடும். அப்பற்றைப் பாசிசவாதிகள் நன்கு அறிந்திருந்தனர். கால்பந்தாட்ட அரங்குகளின் வாயிலிலும் இசைமண்டபங்களின் வாயிலிலும் அவர்கள் ஆள்சேர்த்தனர். ஷாம் 69 என்னும் குழுவின் வரலாறு இதற்குச் சான்று. தொழிலாளர் வர்க்க இளைஞரின் குரலாகத் தன்னைக் கண்ட அக்குழுவுக்குத் தலைமழித்த இளைஞர் பெருந்தொகையினர் இரசிகராயினர். அவர்களுள் ஒரு பகுதியினர் தேசிய முன்னணியின் ஆதரவாளர். பாடகர் ஜிமி பேர்சி இரண்டக நிலைக்குள்ளானார். தன்னை உயர்த்திய இரசிகரைக் கைவிட அவர் விரும்பவில்லை. அவர்தம் இனவெறியை ஏற்கவும் இயலவில்லை.

இத்தகைய குழுவை விலக்கி வைப்பதா, மேடையேற்றுவதா என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. இயக்கம் மேடையேற்றும் வழியைத் தேர்ந்தது. 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் மாணவர் மண்டபமொன்றில் ஷாம் 69 குழுவும் சவுத்தோலின் மிஸ்ரி இன் றூற்ஸ் என்னும் றெகே குழுவும் ஒரே இரவில் இசைத்தன. ஏப்ரல் 30ஆந் திகதி விக்டோரியாப் பூங்காவில் பேர்சி கிளாஷ் குழுவினரோடு மேடையில் நின்று பாடினார். தன் தலைவன் அங்கு நிற்பதைக் கண்ட இரசிகன் ஒரு தெரிவைச் செய்ய வேண்டியவனானான். சிலர் மனம் மாறினர். சிலர் அவரைத் துரோகி என்றனர். பிந்தியோர் பேர்சியின் நிகழ்ச்சிகளைக் குழப்பவும் செய்தனர்.

தருமத்துக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலே துலங்குகிறது. தரும நிகழ்ச்சியில் இரசிகனிடம் கேட்கப்படுவது காசு. இங்கு அவனிடம் கேட்கப்பட்டது, யார் பக்கம் நிற்கிறாய் என்பது. காசு கொடுப்பதற்கு நண்பரை இழக்க வேண்டியதில்லை. பக்கம் நிற்பதற்கோ சில வேளை நண்பரையும் மண்டபத்துக்கு வெளியே பற்களையும் இழக்க நேர்ந்தது. கலைஞனும் அவ்விலையினின்றும் தப்பவில்லை.

சவுத்தோல்: பெற்றதும் கொடுத்ததும்

இவ்விரவுகள் வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பாக முடிந்தன என்று கூறுவோருக்கு சவுத்தோலின் அனுபவமே விடை. பஞ்சாபியரும் கரிபியத் தீவினரும் வாழ்ந்த அப்பகுதியில் மிஸ்ரி இன் றூற்ஸ் குழுவினர் 'பீப்பிள் யுனைற்' என்னும் கூட்டுறவை நடத்தினர். அயலிலே தோன்றிய 'த றட்ஸ்' என்ற வெள்ளையரின் பங்க் குழு அவர்களோடு பல சிறுமண்டபங்களில் இசைத்துப் பழகியது. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் றட்ஸ் குழுவின் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தபோது அதனை வெளியிட்டது பெருவணிக நிறுவனம் எதுவுமன்று. பீப்பிள் யுனைற் கூட்டுறவே அதனை வெளியிட்டது. வறுமைப்பட்ட கறுப்பு இளைஞரின் கூட்டுறவு வெள்ளை இளைஞருக்குக் கைகொடுத்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று வழக்கமாக நாம் வகுத்துவைத்திருக்கும் வரிசை இங்கு தலைகீழாயிற்று.

1979 ஏப்ரல் 23ஆந் திகதி தேசிய முன்னணி சவுத்தோல் நகரமண்டபத்தில் தேர்தற் கூட்டம் நடத்த இடமளிக்கப்பட்டது. எதிர்த்துத் திரண்ட மக்களைப் பொலிசார் தாக்கினர். பீப்பிள் யுனைற் இல்லத்துட் புகுந்து இசைக்கருவிகளை உடைத்தனர். மிஸ்ரி குழுவின் முகாமையாளர் கிளாரன்ஸ் பேக்கர் தலையில் அடியுண்டு நினைவிழந்தார். கிழக்கு லண்டனிலே விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குக் கற்பித்த நியூசிலாந்து ஆசிரியர் பிளேயர் பீச், முப்பத்து மூன்று வயதினர், தலையில் அடிபட்டு உயிர் நீத்தார். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே பெரும்பாலும் அவரைத் தாக்கியிருத்தல் வேண்டும் என்னும் உள்ளக விசாரணை அறிக்கை 2010ஆம் ஆண்டு வரை மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. ஆசிரியத் தொழில் செய்வோராகிய நாம் இப்பெயரை மறத்தலாகாது.

முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவை சவுத்தோலுக்குத் தொலைவிலுள்ள பார்னெற் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டன. சட்டத்தரணிகளுக்குப் பணம் வேண்டும். நாட்கூலியை இழந்து நீதிமன்றுக்குச் செல்வோருக்கு வழிச்செலவு வேண்டும். அவ்வாண்டு ஜூலை மாதம் லண்டன் றெயின்போ அரங்கிலே நிதியுதவி இரவுகள் நடத்தப்பட்டன. கிளாஷ், றட்ஸ், மிஸ்ரி, அஸ்வாட், பீற் ரவுன்சென்ட் முதலியோர் பங்குபற்றினர். மூவாயிரம் பேரளவில் கொள்ளும் அரங்காயினும் அதன் உள்ளமைதி சிறுமண்டபத்து இரவினது. ஏனெனில் யாருக்காக நிதி திரட்டப்பட்டதோ அவர்களே மேடையிலும் நின்றனர். அங்கு சீட்டு வாங்கிய இரசிகன், தான் ஏலவே அருகில் நின்று கேட்ட குழுவின் உடைந்த கருவிகளுக்காகவும் தன்னைப் போன்றவரின் வழக்குக்காகவும் கொடுத்தான். அவ்வாண்டே றட்ஸ் குழுவினர் சவுத்தோல் நிகழ்வையும் பேக்கர் பட்ட அடியையும் பொருளாகக் கொண்டு ஒரு பாடலை வெளியிட்டனர். கலை வாழ்விலிருந்து பிறக்கிறது என்று வகுப்பறைகளில் நாம் கூறும் சூத்திரத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

குறைகளும் எல்லைகளும்

இயக்கத்தைப் போற்றுதலோடு நின்றுவிடின் அது திறனாய்வாகாது. விக்டோரியாப் பூங்காவின் பெருவிழா நடந்த நான்காம் நாள், 1978 மே 4ஆந் திகதி, அல்தாப் அலி என்னும் வங்காளத் தையற் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்புகையில் வைற்சப்பல் அருகே குத்திக் கொல்லப்பட்டார். விழா நடந்த பூங்காவும் கொலை நடந்த தெருவும் ஒரே கிழக்கு லண்டனைச் சேர்ந்தவை. பத்து நாட்களின் பின் அவருடைய பிரேதப்பெட்டியைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான வங்காளியர் ஊர்வலம் சென்றனர். அத்தெருக்களைப் பின்னர் பாதுகாத்தது அவ்விளைஞரின் சொந்த அமைப்பாற்றலே. இசைவிழா அவர்களுக்குத் துணையாக இருந்திருக்கலாம். அவர்களுக்குப் பதிலாக நிற்க இயலவில்லை.

அடுத்து, எதிரி யார் என்ற வினா. இயக்கத்தோடு இணைந்து செயற்பட்ட நாசி எதிர்ப்புக் கழகம் தேசிய முன்னணியை ஹிட்லரின் வாரிசாகக் காட்டியது. போல் கில்றோய் 1987இல் வெளியிட்ட தமது நூலில், இது இனவாதத்தை ஒரு சிறு அந்நியக் கும்பலின் நோயாகச் சுருக்கி, ஹிட்லரை வென்ற நாடு என்ற தேசப்பெருமையைத் துணைக்கழைக்கும் நிலைக்கு இட்டுச்சென்றது எனச் சுட்டினார். அவர் கூற்று பொருத்தமானதே. 1978 ஜனவரியில் மார்கரெற் தாச்சர், குடியேற்றத்தால் நாடு மூழ்கடிக்கப்படும் என மக்கள் அஞ்சுகின்றனர் என்று தொலைக்காட்சியிலே பேசினார். மறு ஆண்டுப் பொதுத் தேர்தலில் தேசிய முன்னணி முந்நூற்றுக்கு மேற்பட்ட வேட்பாளரை நிறுத்தியும் நூற்றுக்கு 0.6 வீத வாக்குகளையே பெற்றது. தாச்சர் ஆட்சி அமைத்தார். 1981இல் குடியுரிமைச் சட்டம் இறுக்கப்பட்டது. தேசிய முன்னணியின் வீழ்ச்சியில் இசை இயக்கத்துக்குப் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தெருவிலே தோற்ற கருத்து சட்டப் புத்தகத்தினுட் புகுந்துகொண்டது என்பதும் உண்மை.

இதனை அன்றே தெளிவாகக் கண்டவருள் ஒருவர் எம்மவர் என்பது எமது வாசகர்க்கு நினைவூட்டத்தக்கது. அம்பலவாணர் சிவானந்தன் 1958ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்தின் பின் குடும்பத்துடன் நாட்டைவிட்டு நீங்கியவர். லண்டனில் வந்திறங்கியபோது அவரை வரவேற்றதும் அதே ஆண்டின் நொற்றிங் ஹில் கலவரமே. நூலகராகப் பணியேற்ற இனவுறவு நிறுவனத்தைப் பின்னர் போராட்ட அறிவகமாக மாற்றி, 2018இல் மறையும் வரை அதனோடு இணைந்திருந்தார். தனிமனிதரின் வெறுப்பை மாற்றுவதோடு அமையாது, குடிவரவுச் சட்டங்களிலும் பொலிசிலும் உறையும் அரசின் இனவாதத்தை எதிர்த்தலே தலையாயது என அவர் இடைவிடாது வற்புறுத்தினார். இரு தீவுகளிலும் கலவரத்தைக் கண்ட ஒருவரின் வாய்மொழி இது. வெறுப்பு மாறிய இரசிகனும், சட்டம் மாறாத நாட்டிலேயே விடிந்தெழுகிறான்.

மூன்றாவதாக, இவ்விரவுகள் ஆண்களின் இரவுகளாகவே பெரிதும் இருந்தன. முன்வரிசையின் முரட்டுத்தனம் பெண்களைப் பின்னே தள்ளியது. எக்ஸ்-றே ஸ்பெக்ஸ் குழுவின் பொலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்கும் பிரித்தானியத் தாய்க்கும் பிறந்த இளம்பெண், மேடையேறிய போது பலருக்கும் அது ஒரு விடுதலையாகத் தோன்றியது உண்மையே. ஆயினும் அருகிலிருந்தோர் இதனைப் போதுமெனக் கருதவில்லை. பாலடக்குமுறைக்கு எதிரான றொக் என்னும் தனி அமைப்பு விரைவிலே தோன்றியது. ஓர் அநீதிக்கு எதிராகக் கூடிய அவை மற்றோர் அநீதியை வாயிலிலே விட்டுவந்துவிடுவதில்லை.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நிதியுதவி இசை நிகழ்ச்சிகளை மதிப்பிடுதற்குச் சில அளவைகள் புலனாகின்றன. எவ்வளவு பணம் திரண்டது என்பது அவற்றுள் ஒன்று. பட்டினி கிடப்பவனுக்கு அது சிறியதன்று. துன்புறுவோர் மேடையிலும் திட்டமிடும் மேசையிலும் இருந்தனரா என்பது இரண்டாவது. அவையோர் தமக்குப் பழக்கமற்ற ஒன்றைக் கேட்கவும் அதற்கு இசையவும் நேர்ந்ததா என்பது மூன்றாவது. நிகழ்ச்சி முடிந்தபின் எஞ்சும் அமைப்பு யாது என்பது நான்காவது. இவ்வளவைகளால் நோக்கின், கோடிக்கணக்கானோர் கண்ட பெருநிகழ்ச்சி சில சிறிதாகும். இருநூறு பேர் நின்ற பின்னறை சில பெரிதாகும்.

சிறிதாயிருப்பதே சிறப்பு என்பது எமது வாதமன்று. சிறுமண்டபத்தில் இனவெறியும் வளர்தல் கூடும். ஷாம் 69 குழுவின் இரசிகருட் பலர் அத்தகைய மண்டபங்களிலேயே உருவாகினர். யாரை யாரோடு நிறுத்துவது என்று நிரலைத் திட்டமிட்டவரின் தெளிவே இரு பயன்களையும் பிரித்தது.

எமது மேல்வகுப்பு மாணவர் இன்று இசையைப் பெரும்பாலும் தனித்திருந்து, செவியிற் செருகிய கருவியின் வழியாகவே கேட்கின்றனர். அவர்கள் கேட்பதெல்லாம் அவர்கள் ஏற்கெனவே விரும்புவதை ஒத்ததாகவே தேர்ந்தளிக்கப்படுகிறது. பங்க் கேட்க வந்தவன் றெகே கேட்க நேரும் வாய்ப்பு அங்கே இல்லை. பாடசாலைக் கலைவிழாவையோ சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தையோ ஒழுங்கு செய்யும் ஆசிரியர், நிரலை எழுத உட்காரும்போது இதனை எண்ணிப் பார்த்தல் தகும். எந்தக் குழுவுக்கு அடுத்து எந்தக் குழு வருகிறது, எந்த மொழிக்கு அடுத்து எந்த மொழி ஒலிக்கிறது, எந்தத் தெருப்பிள்ளைகள் எந்தத் தெருப்பிள்ளைகளின் அருகே அமர்கின்றனர் என்பவற்றைத் தீர்மானிக்கும் பென்சில் எமது கையிலேயே இருக்கிறது.